இராமாநுஜனார் இழந்த உபகாரச் சம்பளம்



கல்வியின் மேன்மையை நம் சங்கத்தாருக்கு யாம் எடுத்துரைக்கப் புகுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கப் புகுவதையே ஒக்கும். ஆயினும், உயர்கல்விக்கு வேண்டும் பொருளை இல்லாதார்க்கு எம்முறையிற் கொடுப்பது என்பது இன்னும் ஆராய்தற்குரியதாகவே உள்ளது. நம் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து உதவி பெறும் மாணாக்கர் யாதானும் ஒரு பாடத்தில் தவறுவாராயின், அவ்வுதவியை அப்பொழுதே நிறுத்திவிடல் வேண்டுமென ஒரு தீர்மானம் வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற் கொண்டுவரப்படும் எனக் கேள்வியுறுகின்றோம். அதனை ஏற்பதோ மறுப்பதோ சபையோர் உரிமை. முடிவு செய்யுமுன், ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகட்கு முன்னர்க் கும்பகோணத்தில் நிகழ்ந்ததொன்றை அன்பர்கள் சிந்தித்தல் நலமெனக் கருதி, இதனை எழுதத் துணிந்தோம்.

இக்காலத்தார் உதவித்தொகை என்பதனை நம் பாட்டனார் காலத்தார் உபகாரச் சம்பளம் என வழங்கினர். அப்பெயரே ஆழ்ந்து நோக்கற்பாலது. உபகாரம் என்றமையால் கொடுப்போரது அருளும், சம்பளம் என்றமையால் பெறுவோரது உழைப்பும் ஒருங்கே பெறப்படும். அருள் ஒன்றே உளதாயின் அது பிச்சையாய் முடியும். உழைப்பு ஒன்றையே நோக்கின் அது கூலியாய் முடியும். இரண்டும் ஒத்து நிற்குமிடத்தே அஃது அறமாகும் என்க.

தமிழ்நாட்டிற் செல்வர் ஈட்டிய பொருள் கல்விக்குப் பயன்பட்ட வரலாறு நெடியது. 1794-ஆம் ஆண்டிற் காலஞ்சென்ற பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறப்பொருளினின்று 1842-ஆம் ஆண்டிற் சென்னையில் ஒரு பாடசாலை தோன்றிப் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. அக்கல்லூரி நாம் கூறவரும் வரலாற்றிலும் ஓரிடம் பெறுகின்றது.

நிற்க. கணித மேதை சீனிவாச இராமாநுஜனார் நம் ஊருக்கு அணித்தாகிய ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் பிறந்தார். வளர்ந்ததும் பயின்றதும் கும்பகோணத்தில். அவர் தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளி வணிகரிடம் கணக்கெழுதி, மாதம் ஏறத்தாழ 20 ரூபாய் பெற்றவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பசனை பாடியும், வெளியூர் மாணாக்கர்க்கு இல்லத்தில் உணவும் இடமும் அளித்தும் குடும்பத்தைத் தாங்கியவர். ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளையின் வருவாய் எத்துணையது, அதனைக் கொண்டு மகனைக் கலாசாலைக்கு அனுப்புதல் எத்துணை அரிது என்பதனை நல்லூரார்க்கு யாம் விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே, இராமாநுஜனார் கல்வி தொடக்கமுதலே பிறர் உதவியால் நடந்ததாம். 1897-ஆம் ஆண்டில் தொடக்கக் கல்வித் தேர்வில் தஞ்சை ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறினமையால், கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் அவருக்குப் பாதிச் சம்பளச் சலுகை கிடைத்தது. 1904-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வூர் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தபொழுது, சுப்பிரமணியம் உபகாரச் சம்பளம் என்பது அவருக்கு வழங்கப்பெற்றது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சிறந்தார்க்கு அளிக்கப்பட்டு வந்ததாகும் அது.

கல்லூரியிற் புகுந்தபின் அவர் உள்ளம் கணிதம் ஒன்றிலேயே தோய்ந்துவிட்டது. பிற பாடம் நடக்கும் வேளையிலும் அவர் கணக்கே செய்துகொண்டிருப்பாராம். அதன் பயன், ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தவறினார், மேல்வகுப்பிற்கு ஏற்றப்படாராயினார், உபகாரச் சம்பளமும் நின்றது. விதி அவ்வாறிருந்தது, கல்லூரியார் விதிப்படி ஒழுகினர். அவர்மீது குறைகூற யாம் முற்படவில்லை. ஆனால், ஒரு பருவத்திற்குக் கட்டவேண்டிய சம்பளம் 32 ரூபாய், அஃதாவது தந்தையாரது ஒன்றரை மாத வருவாய்க்கு மேற்பட்டது, அக்குடும்பத்தின்மேல் ஒருங்கே வந்து விழுந்தது என்பதனை மறத்தல் ஆகாது.

பின் நிகழ்ந்தன அனைத்தும் துன்பத்தின் தொடர்ச்சியே. 1905-ஆம் ஆண்டில் அவ்விளைஞர் ஒருவர்க்கும் சொல்லாது வீட்டைவிட்டுத் தெலுங்கு நாட்டிற்குச் சென்றுவிட்டார். மீண்டு வந்து கல்லூரியிற் சேர்ந்தும் வருகைநாள் போதாமையால் அவ்வாண்டு வீணாயிற்று. 1906-ஆம் ஆண்டிற் சென்னை சென்று, மேலே யாம் குறித்த பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். நோயுற்று ஊர் திரும்பினார். 1907-ஆம் ஆண்டு டிசம்பரில் எப். ஏ. தேர்வைத் தனித்தேர்வராக எழுதினார், அதனிலும் தவறினார். அத்துடன் அவரது கல்லூரிக் கல்வி முடிவுற்றது. பட்டமில்லை, தொழிலில்லை, 1909-ஆம் ஆண்டில் திருமணமும் ஆயிற்று. கணக்குகள் நிறைந்த குறிப்புப் புத்தகங்களே அவர் கைப்பொருள்.

அவற்றைக் கையிலேந்திப் பெரியோர் பலரைக் கண்டார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயர் அவர்தம் ஆற்றலை உணர்ந்தார். நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் சிலகாலம் தம் சொந்தப் பொருளினின்று மாதந்தோறும் உதவினார். ஆயினும் நெடுநாள் ஒருவர்க்குச் சுமையாயிருத்தலை இராமாநுஜனார் விரும்பினாரல்லர். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்திற் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913-ஆம் ஆண்டு ஜனவரியிற் கேம்பிரிட்ஜ் ஹார்டி என்னும் கணிதப் பேராசிரியர்க்கு அவர் எழுதிய கடிதம் உலகறிந்தது.

அதன்பின் நிகழ்ந்ததொன்றே ஈண்டு நமக்கு வேண்டுவது. வானிலை ஆராய்ச்சித் துறைத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் என்பார் சென்னைச் சர்வகலாசாலைக்கு இராமாநுஜனாரைப் பரிந்துரைத்து எழுதினார். அவருக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் தரலாமா என்னும் வினா எழுந்தது. முதுநிலைப் பட்டம் பெற்றார்க்கே அதனை அளிப்பது விதி. இவரோ முதற்பட்டத்தின் முதற்படியையே கடவாதவர். விதியைக் காட்டித் தடுத்தாரும் இருந்தனர். ஆயின், ஆராய்ச்சியை வளர்த்தல் சர்வகலாசாலையின் கடமைகளுள் ஒன்றென அதனை நிறுவிய சட்டத்தின் முகவுரையே கூறுகின்றது என எடுத்துக்காட்டப்பட்டது, தடை நீங்கிற்று. 1913-ஆம் ஆண்டு மே முதல் மாதம் 75 ரூபாயாக இரண்டாண்டுக்கு அவ்வுபகாரச் சம்பளம் வழங்கப்பெற்றது. குமாஸ்தா வேலையிற் பெற்றதைப்போல் இரண்டரை மடங்கு! மூன்று திங்களுக்கு ஒருமுறை தம் ஆராய்ச்சியைக் குறித்து அறிக்கை அளித்தல் வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் தவறாது அளித்தார்.

1914-ஆம் ஆண்டில் அச்சர்வகலாசாலையே, வழிச்செலவு நீங்கலாக, ஆண்டொன்றுக்கு 250 பவுண்டு அளித்து அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிற்று. அதனுள் 50 பவுண்டு குடும்பத்தார்க்கென ஒதுக்கப்பட்டது. மகன் கடல்கடந்து படிக்க, வீட்டில் அடுப்பு அணையாதிருக்க வேண்டுமென்பதனையும் அக்காலத்தார் எண்ணினர். இஃது அன்பர்கள் ஊன்றி நோக்கற்பாலது. 1918-ஆம் ஆண்டில் அவர் இராயல் சொசைட்டியின் உறுப்பினரும், டிரினிடிக் கல்லூரியின் உறுப்பினரும் ஆனார்.

இனி, அன்பர்கள் ஆண்டுகளை எண்ணிப் பார்க்க. ஒரு பாடத்தில் தவறியமைக்காக உபகாரச் சம்பளம் நின்றதற்கும், மற்றோர் உபகாரச் சம்பளம் கிடைத்ததற்கும் இடையே ஏறத்தாழ எட்டாண்டுகள் கழிந்தன. 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், தமது முப்பத்திரண்டாம் அகவையில், அவர் காலமானார். முப்பத்திரண்டில் எட்டு எத்துணைப் பெரும்பகுதி! அவ்வெட்டாண்டிலும் அவர் தாமே கணிதம் செய்துகொண்டிருந்தார் என்பது உண்மையே. ஆயின் வறுமையோடும் பசியோடும் அதனைச் செய்தார் என்பதும் உண்மையே.

அவர் வரலாற்றின் முடிமணியாக யாம் கருதுவது வேறொன்று. 1919-ஆம் ஆண்டு ஜனவரியில், தாம் இங்கிலாந்தில் நோயுற்றிருந்த நிலையில், சென்னைச் சர்வகலாசாலை தமக்கு மீண்டும் ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் ஐந்தாண்டுக்கு அளிக்க முன்வந்தமைக்கு நன்றி கூறி அவர் ஒரு கடிதம் எழுதினார். அத்தொகை தம் தேவைக்கு மிகுதியாகும் என்றும், பெற்றோர்க்கு ஆண்டுதோறும் 50 பவுண்டு அளித்துத் தம் செலவும் போக எஞ்சியதனை ஏழைச் சிறுவர், அநாதைகள் ஆகியோரது பள்ளிச் சம்பளத்தைக் குறைத்தற்கும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்குதற்கும் செலவிடுதல் தகும் என்றும் அதனுள் விண்ணப்பித்துக்கொண்டார். பள்ளிச் சம்பளம் கட்ட இயலாது வருந்திய சிறுவன் உயர்ந்த இடத்தை எய்தியபின் முதற்கண் நினைந்தது பள்ளிச் சம்பளத்தையே! ஏழையர் என்றும் அநாதைகள் என்றும் கூறினாரேயன்றி, இன்ன குலத்தார், இன்ன ஊரார் என அவர் வரையறுத்தாரல்லர் என்பதும் சங்கம் நடத்தும் நம்மனோர் உளங்கொளத்தக்கது.

இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது அண்ணல் அம்பேத்கரது வரலாறு. இராமாநுஜனார் சென்னையில் உபகாரச் சம்பளம் பெற்ற அந்த 1913-ஆம் ஆண்டிலேயே, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உபகாரச் சம்பளத்தால் அம்பேத்கர் அமெரிக்க நாட்டுக் கொலம்பியாச் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். மூன்றாண்டுக்கு மாதம் பதினொன்றரைப் பவுண்டு அதன் அளவு. பின்னர் இலண்டனிற் பயின்றுகொண்டிருக்கையில் உதவிக்காலம் முடிவுற்றமையால், 1917-ஆம் ஆண்டிற் படிப்பை இடையிலே விட்டுத் திரும்ப நேர்ந்தது. தாம் சேமித்த பொருளும் பிறர் தந்த பொருளும் கொண்டு 1920-ஆம் ஆண்டில் மீண்டும் சென்றே அதனை முடித்தார். அவர் வைசிராயின் நிர்வாக சபையில் அங்கம் வகித்த காலத்தில், 1944-ஆம் ஆண்டில், தாழ்த்தப்பட்டோர் பள்ளியிறுதிக்கு மேற்படிப்பதற்கான உபகாரச் சம்பளத் திட்டம் இந்திய அரசினராற் தொடங்கப்பட்டது. பெற்றவர் கொடுப்பவராதலே உபகாரச் சம்பளத்தின் நிறைவு என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

அற்றேல், அரசினரே இன்று வேண்டுவன எல்லாம் செய்கின்றனரே, நம்மனோர் நிதி எதற்கு எனச் சிலர் வினவலாம். குடும்பத்தின் முதற் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-ஆம் ஆண்டில் வந்தது. அரசுப் பள்ளியிற் பயின்று கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டிலும், ஆண்பிள்ளைகட்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ஆம் ஆண்டிற் கோவையிலும் தொடங்கப்பட்டன. இவை போற்றற்குரியன. ஆனால், நம் ஊரிற் கல்லூரிக்குப் போட்டியாக நிற்பது கட்டணம் மட்டுமன்று. சனிக்கிழமைச் சம்பளம் ஆகும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே பையன் பனியன் கம்பெனிக்குள் புகுவானாயின், அவ்வாரக் கடைசியிலேயே கையிற் காசு வருகின்றது. மூன்றாண்டு கழித்து வரும் பட்டத்தினும் மூன்றாம் நாள் கட்டவேண்டிய வீட்டுவாடகை பெற்றோர்க்குப் பெரிதாகத் தோன்றுதல் இயல்பே.

எம்மிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன் நிலையை ஈண்டுக் கூறுதல் தகும். தந்தையை இழந்தவன், தாயார் கைமடித்துப் பிழைப்பவர். ஓர் அறநிலையத்தார் தந்த உதவியாற் கல்லூரி சேர்ந்தான். முதற்பருவத்தில் ஒரு தாள் தவறினான். விதிப்படி உதவி நின்றது. ஏன் தவறினான் என ஒருவரும் வினவினாரல்லர். தாயார் நோயுற்றிருந்த அத்திங்களில் அவன் இரவு ஷிப்டுக்குச் சென்று வந்தான் என்பதனை யாம் பின்னரே அறிந்தோம். இன்று அவன் செக்கிங் மேசையின்முன் ஒன்றரை ஷிப்டு நிற்கின்றான். அவன் இராமாநுஜன் அல்லன் என்பது மெய்யே. ஆயின் எட்டாண்டு காத்திருக்கும் வாய்ப்பும் அவனுக்கு இல்லை.

தீர்மானம் கொண்டுவருவோரது கருத்தையும் யாம் இகழ்கின்றிலேம். நிதி சிறிது, அங்கத்தினர் வியர்வை சிந்தி ஈந்தது, படியாதான் கையில் அது வீணாதல் கூடாது. இவை நேர்மையான வாதங்களே. ஆயினும் தவறியவர் எல்லாரும் படியாதார் அல்லர். யார் எவர் என்று அறிதற்கு வினவுதல் ஒன்றே வழி. ஆகலின் சபையோர் முன் சிலவற்றை வைக்கின்றோம். உதவி பெறுவோர், அன்று சர்வகலாசாலை வகுத்தபடியே, மூன்று திங்களுக்கு ஒருமுறை தம் படிப்பின் நிலையை எழுதித் தருவாராக. ஒரு பாடத்தில் தவறினார்க்கு உதவியை நிறுத்துமுன், நிதிக்குழுவினர் இருவர் அவரது இல்லம் சென்று காரணம் அறிவாராக. தக்க காரணமுண்டாயின் ஓராண்டு தவணை தருக. தொகையினைக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளுக்கு முன்னரே கொடுக்க. பின்னர்த் தரும் ஆயிரத்தினும் முன்னர்த் தரும் நூறு பயன்படும். உதவி பெற்றுத் தொழிலில் அமர்ந்தோர், கடனாக அன்றி நன்றியாக, இயன்றதனை நிதிக்குத் திருப்புவாராக. நிதி வளருங்கால், நம் தெருவில் வாழும் பிறர் மக்கட்கும் அதிலொரு பங்கு ஒதுக்குதல் நமக்குப் பெருமையேயாம்.

விதி வேண்டாமென்று யாம் கூறவில்லை. விதிக்குப் பின்னே வினவுவார் ஒருவர் வேண்டும் என்றே கூறுகின்றோம். 1905-இல் விதி மட்டும் இருந்தது. 1913-இல் விதியோடு வினவுவாரும் இருந்தனர். இவ்விரண்டினுள் நம் சங்கம் எதனைக் கைக்கொள்ளல் தகும் என்பதனை அன்பர்கள் பொதுக்கூட்டத்திற் கூடி ஆய்ந்து, ஆவன செய்வாராக.