பாலாற்றுச் சாலையில் லாரியும் காற்றும்

எரிபொருள் செலவைக் குறைப்பதற்காக வண்டியின் உடலை உரிமையாளரும் பட்டறைக்காரரும் தாமே திருத்தியமைக்கும் வழக்கம், வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரம் உள்ளிட்ட பழைய சென்னை மாகாணத்தில் கரியில் தொடங்கிக் காற்றுக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளிக்கு மக்களின் அறியாமையைக் காரணமாகச் சொல்வது தவறு. வண்டி என்ன வேகத்தில் ஓடியது, எதை ஏற்றிச் சென்றது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் விளங்கும்.

கொசத்தலையாற்றங்கரையில், அரக்கோணத்துக்கும் காவேரிப்பாக்கத்துக்கும் இடையில் அமைந்த நெமிலி, தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதைக்கும் சென்னை, பெங்களூரு நெடுஞ்சாலைக்கும் நடுவே கிடக்கும் ஊர். இராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா வரை 1856இல் ரயில் ஓடத் தொடங்கியபின் தொலைதூரச் சரக்கு ரயிலுக்குப் போயிற்று. மாட்டுவண்டிகள் நிலையத்துக்கும் ஊர்களுக்கும் இடைப்பட்ட வேலையைச் செய்தன. பஸ்ஸும் லாரியும் பெருகிவந்த காலத்தில் இரண்டாம் உலகப்போர் குறுக்கிட்டது. 1941இல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும், வண்டியின் பின்புறத்தில் இரும்பு உலையொன்றைப் பொருத்தி, மரக்கரியை அரைகுறையாக எரித்து, அதிலிருந்து வரும் வாயுவைக் குளிர்வித்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்தும் முறை மாகாணமெங்கும் பரவியது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் எரியும் பொருள்களாகவும், நைட்ரஜன் எரியாத சுமையாகவும் கலந்திருந்த இந்த வாயுவில் எஞ்சினின் வலு வெகுவாகக் குறைந்தது. காலையில் உலையை மூட்டி, கைவிசிறியைச் சுழற்றி, நல்ல வாயு வரும்வரை காத்திருந்தே வண்டியைக் கிளப்ப வேண்டியிருந்தது. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் இதற்கான வாயுக்கலத்தைத் தானே வடிவமைத்து விற்றது. இன்று முதியோர் பேச்சில் மட்டும் எஞ்சியிருக்கும் அந்தக் கரி பஸ், தமிழ்நாட்டுப் பட்டறைகளின் கைத்திறனுக்கு உரிய மதிப்பைப் பெறாத ஒரு சாதனை என்றே கருத வேண்டும்.

போருக்குப்பின் டீசல் வந்தது. 1954இல் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. சென்னை எண்ணூரில் 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஆலையிலிருந்து லாரி முழு உருவத்தில் வெளிவரவில்லை. எஞ்சின், சக்கரம், திசைதிருப்பி, முகப்புத் தகடு ஆகியவற்றோடு கூடிய அடிச்சட்டத்தை மட்டும், சேசிஸ் என்ற பெயரில், உரிமையாளர் வாங்கினார். ஓட்டுநர் அறையையும் சரக்குப் பெட்டியையும் திருச்செங்கோடு, நாமக்கல் போன்ற ஊர்களின் பட்டறைகளில் தச்சரும் தகரவேலைக்காரரும் வெல்டரும் கூடி உருவாக்கினர். இதற்குப் ‘பாடி கட்டுதல்’ என்று பெயர். ஆகவே தமிழ்நாட்டு லாரியின் முகம் பட்டறையில் தீர்மானிக்கப்பட்ட முகம். நிமிர்ந்த கண்ணாடி, கூர்மையான மூலைகள், உச்சியில் வண்டியின் பெயரெழுதிய பலகை, அதற்குமேல் படுக்கையும் தார்ப்பாயும் வைக்கும் கேரியர் என்று அமைந்த அந்த முகம், காற்றை விலக்கும் நோக்கில் அமைக்கப்பட்டதன்று. பழுதானால் எந்த ஊரிலும் சரிசெய்யத்தக்கதாக அமைக்கப்பட்டது.

அது பிழையும் அன்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி வளர்வது, அதாவது வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காவது. சுமையோடு 16 டன் எடையுள்ள தட்டைமுக லாரி ஒன்றைக் கணக்கிட்டால், சக்கரம் உருள்வதில் ஏற்படும் தடை ஏறக்குறைய 125 கிலோ எடைக்குச் சமம். அதே லாரி மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது காற்று அதைப் பின்னே தள்ளும் விசை 55 கிலோ அளவிலேயே நிற்கிறது. 60 கிலோமீட்டரில் இரண்டும் சமமாகின்றன. 80ஐத் தொட்டால் காற்றின் பங்கு 215 கிலோவைத் தாண்டுகிறது. இருவழிச் சாலையில், மாட்டுவண்டிக்கும் ஊர்ச்சந்திப்புக்கும் ஒதுங்கி ஊர்ந்த காலத்தில், டயர்க் காற்றும் கியரும் ஓட்டுநரின் காலும்தான் மைலேஜைத் தீர்மானித்தன. மூலையை வளைப்பதற்குச் செலவிடும் பணம் திரும்பி வந்திராது.

வண்டியின் உடலைக் காற்றுக்கேற்ப அமைப்பது எப்படி என்ற கேள்வி வெளிநாட்டில் முன்னதாகவே எழுந்திருந்தது. ஆகாயக்கப்பல் வடிவமைப்பில் பயின்ற பால் யாரே 1920களில் காருக்கு நீர்த்துளி வடிவம் தந்தார். 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியை ஒட்டிய காலத்தில், மிதிவண்டியில் வேலைக்குச் செல்கையில் கடந்துபோகும் லாரிகளின் காற்று தன்னைத் தள்ளுவதையும் இழுப்பதையும் கவனித்த நாசா பொறியாளர் எட்வின் சால்ட்ஸ்மன், பழைய ஃபோர்டு வேன் ஒன்றை அலுமினியத் தகட்டால் கூர்மூலைப் பெட்டியாக்கி, பின்னர் முன்விளிம்புகளை மட்டும் வளைத்து அளந்தபோது காற்றுத்தடை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தகடும் வளைக்கும் கருவியும் உள்ள எந்தப் பட்டறையும் செய்யத்தக்க வேலை அது.

அதே 1970களில் தோல் வட்டாரத்தின் சரக்கே மாறத் தொடங்கியது. 1972ஆம் ஆண்டின் சீதாராமையா குழுவைத் தொடர்ந்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுப்பதத் தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. உப்பிட்ட பச்சைத்தோலும் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலும் எடையால் லாரியை நிறைத்தவை. அட்டைப்பெட்டியில் அடுக்கிய காலணியோ இடத்தால் நிறைப்பது. பாரம் குறைந்தால் சக்கரத்தின் தடை குறைகிறது, உயரம் குறையாததால் காற்றின் தடை அப்படியே நிற்கிறது. ஆகவே ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குச் செல்லும் காலணிப் பெட்டகம், பச்சைத்தோல் லாரியைக் காட்டிலும் தன் எரிபொருளில் அதிகப் பங்கைக் காற்றுக்குக் கப்பமாகக் கட்டுகிறது. தோல் வரலாற்றில் இது அரிதாகவே கவனிக்கப்படுகிறது.

1999இல் தொடங்கிய தங்க நாற்கரத் திட்டம் இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழிச் சாலையை நான்கு வழியாக்கியதும் வேகம் அந்த 60 கிலோமீட்டர் எல்லையைக் கடந்தது. ஓட்டுநர் அறையின் கூரையில் சாய்வாகப் பொருத்தும் கண்ணாடியிழைத் தடுப்பு, முன்காற்றைச் சரக்கின் உச்சிக்குமேல் தூக்கிவிடும் கருவியாக, சாலையில் தென்படலாயிற்று. அறைக்கும் சரக்குக்கும் இடையிலுள்ள இடைவெளியில் சுழலும் காற்றும், தளர்ந்து படபடக்கும் தார்ப்பாயும் எரிபொருளைத் தின்பவை. மழைக்கென இழுத்துக் கட்டிய கயிறு இங்கே இரண்டாவது பயனையும் தருகிறது. வேகத்தைக் குறைப்பதே எல்லாவற்றிலும் மலிவான வழி. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுமாறு பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் நெடுங்காலமாக அறிவுறுத்திவருகிறது.

பட்டறையின் சுதந்திரம் இதற்கிடையே சுருங்கியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பாதுகாப்பை முன்னிட்டு எழுந்த இந்தத் தடை நியாயமானதே எனினும், காற்றைப் பற்றிய கல்வி பட்டறைக்கு வந்து சேருமுன்பே அதன் கை கட்டப்பட்டதை வருத்தத்தோடுதான் குறிப்பிட வேண்டியிருக்கிறது. அரக்கோணத்தில் 1992 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். இராஜாளி கடற்படை விமானதளத்தில், காற்றுக்கெனவே செதுக்கப்பட்ட நெடுந்தூர விமானங்கள் ஏறியிறங்குகின்றன. நெமிலி வட்டத்துப் பனப்பாக்கத்தில் டாட்டா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அவற்றுக்கு இடைப்பட்ட சாலைகளில், மரச்சட்டமும் தகரமும் கொண்டு கட்டிய பழைய முகங்கள் இன்னும் எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு போகின்றன.