ஸ்டேட்டஸ்ல வெச்ச அந்தத் தேனீ, தேனீயே இல்லைங்க!

உடம்பெல்லாம் பழுப்பு முடி, முகத்துக்கு முன்னால் ஊசி மாதிரி நீளமான குழல், சிறகடித்துக்கொண்டே பூவில் தேன் குடிக்கும் ஸ்டைல். பார்த்ததும் 'க்யூட் தேனீ' என்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுவிடுவோம். ஆனா, அது 'பீ ஃப்ளை'. தேனீ வேஷம் போட்ட ஈ. உலகம் முழுக்க 5,000-க்கும் அதிகமான இனங்கள் இருக்கின்றன. அந்த ஊசியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; கொட்டாது.

தேனீக்கு நாலு இறக்கை, ஈக்கு ரெண்டு என்பது பள்ளிப் பாடம். ஆனா, தேனீயின் முன், பின் இறக்கைகள் கொக்கி போட்டு ஒட்டியிருப்பதால் போட்டோவில் எண்ணுவது கஷ்டம். அதனால தலையைப் பாருங்க. தேனீயின் உணர்கொம்பு நீளமாக, முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். பீ ஃப்ளைக்குக் குட்டியூண்டு. உட்காரும்போது பெரும்பாலும் இறக்கையை ஜெட் விமானம் மாதிரி விரித்தே வைத்திருக்கும்.

சரி, எந்த இனம்? இங்கேதான் இறக்கை முக்கியம். பிரிட்டனில் 'பாம்பிலியஸ்' பேரினத்தில் நாலு இனங்கள். 'பாம்பிலியஸ் மேஜர்' என்றால் இறக்கையின் முன் ஓரத்தில் மை தடவிய மாதிரி ஒரே கறுப்புப் பட்டை. 'டிஸ்கலர்' என்றால் இறக்கையில் புள்ளி புள்ளியாக இருக்கும். மற்ற ரெண்டுக்கும் இப்படிப் பளிச்சென்ற அடையாளம் கிடையாது. போட்டோவை வைத்துப் பிரிப்பது நிபுணர்களுக்கே தலைவலி. முடியின் நிறத்தை மட்டும் நம்பாதீங்க. நாளாக ஆக முடி உதிரும், வெளுக்கும். இறக்கையின் டிசைன் அப்படியே இருக்கும்.

பறக்கும்போது எடுத்தால் அந்த டிசைன் மங்கிப்போகும். வெயிலில் வெறும் மண்தரையில் உட்காரும் வரை காத்திருங்க. நேர் மேலிருந்து ஒண்ணு, பக்கவாட்டில் ஒண்ணு, முகம் தெரிய ஒண்ணு. போர்ட்ரெய்ட் மோடு வேண்டவே வேண்டாம். இறக்கை ஓரத்தையும் பின்னணி என நினைத்து அது மங்கலாக்கிவிடலாம்.

மண்ணில் இருக்கும் சின்ன ஓட்டைகளுக்கு மேலே அது வட்டமடித்தால் உடனே வீடியோ ஆன் பண்ணுங்க. தனியாகக் கூடு கட்டும் தேனீக்களின் வாசலை நோக்கி முட்டையைச் சுண்டிவிடும் பெண் ஈ அது. பொரிந்து வரும் புழு, தேனீயின் புழுவைச் சாப்பிட்டு வளரும். அந்த ஓட்டையையும் ஒரு க்ளிக் எடுத்துவைங்க.

இந்திய பீ ஃப்ளைகளைப் பொறுத்தவரை போட்டோவிலிருந்து பல நேரம் பேரினம் வரைதான் போக முடியும். ஆனா, 'ஐநேச்சுரலிஸ்ட்' மாதிரி ஆப்கள் முழுப் பெயரையே பரிந்துரைக்கும். ஆசையில் அதை அப்படியே தட்டிவிடுவோம். நண்பரும் 'அக்ரீ' கொடுப்பார். ரெண்டு பேர் ஒத்துக்கொண்டாலே அந்தப் பதிவு 'ரிசர்ச் கிரேடு' ஆகி, ஆய்வாளர்கள் பயன்படுத்தும் வரைபடத்தில் புள்ளியாகிவிடலாம். அங்கே இல்லாத ஓர் ஈ அங்கே இருப்பதாக ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் பேரினத்தோடு நிறுத்துங்க. தேதியும் இடமும் சரியாக இருந்தால், இனத்தின் பெயரை வேறொருவர் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.