மருந்தாளுநர் சேவைக்கான காப்பீடு

மருந்தாளுநர் சேவைக்கான காப்பீடு என்பது, மருந்தாளுநர் நோயாளிக்கு வழங்கும் ஆலோசனை, மருந்து மீளாய்வு முதலிய பணிகளை மருத்துவச் சேவையாக ஏற்று, அவற்றுக்கான கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஈடுசெய்வதைக் குறிக்கும். இந்தியாவில் இம்முறை வழக்கில் இல்லை. இங்கு காப்பீடு மருந்தின் விலையை ஏற்கிறது. மருந்தாளுநரின் பணியைத் தனியே கணக்கிடுவதில்லை.

இந்தியச் சட்டங்களில்

1948 ஆம் ஆண்டு மருந்தகச் சட்டத்தின் 42 ஆம் பிரிவின்படி, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமை பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே உண்டு. மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து கொடுப்பது இதற்கு விலக்கு. இந்திய பார்மசி கவுன்சில் 2015 இல் வெளியிட்ட ஒழுங்குவிதிகள், மருந்தை உட்கொள்ளும் முறை, பக்கவிளைவுகள், ஒரு வேளை தவறினால் செய்யவேண்டியது ஆகியவற்றை நோயாளிக்கு விளக்குவதையும் மருந்தாளுநரின் பணியாக்கின.

ஆயினும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2013 இல் வெளியிட்ட பொது வரையறைகளில் மருத்துவருக்கும் செவிலியருக்கும் வரையறை உண்டு, மருந்தாளுநருக்கு இல்லை.

வருவாயும் அதன் விளைவும்

மருந்துக் கடையின் வருவாய் விற்பனையைச் சார்ந்தது. 2013 ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, பட்டியலிடப்பட்ட மருந்துகளின் உச்சவிலையைக் கணிக்கையில் சில்லறை விற்பனையாளருக்கு 16 விழுக்காடு சேர்க்கிறது. விளக்கம் கூறுவதற்கெனத் தனிக் கட்டணம் இதில் இல்லை.

எடுத்துக்காட்டாக, செங்கல்பட்டு மாவட்டம் நாவலூரில் மென்பொருள் நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெற்ற ஒருவர் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறார் எனக் கொள்வோம். இரு மருத்துவர்கள் எழுதிய சீட்டுகளில் மெட்ஃபார்மின் இரு வணிகப் பெயர்களில் இருப்பதை மருந்தாளுநர் கண்டு, மருத்துவரிடம் கேட்டு ஒன்றை நிறுத்தச் செய்தால், நோயாளி தப்புகிறார். காப்பீட்டு நிறுவனத்துக்கும் செலவு குறைகிறது. மருந்தாளுநருக்கோ ஒரு விற்பனை போகிறது. நோயாளிக்கு நன்மை செய்பவருக்கே இழப்பு என்பது விந்தையான ஏற்பாடு.

தமிழ்நாட்டில் 2012 இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைவாரியாக மொத்தத் தொகை வழங்குகிறது. மருந்தும் அதிலேயே அடங்கும்.

அமெரிக்காவில்

அமெரிக்காவில் இக்கோரிக்கை நெடுநாளையது. முதியோருக்கான மெடிக்கேர் திட்டத்தின் 'பி' பகுதி மருந்தாளுநர்களைச் சேவை வழங்குநர் பட்டியலில் சேர்க்கவில்லை. கலிபோர்னியா 2013 இல் அவர்களை நலச்சேவை வழங்குநர்கள் எனச் சட்டத்தில் அறிவித்தது. ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணம் தரவேண்டும் என அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வாஷிங்டன் மாநிலம் 2015 இல் இயற்றிய சட்டம் அக்குறையை நீக்கியது. மருத்துவர் செய்தால் காப்பீட்டில் அடங்கும் ஒரு பணியை, மருந்தாளுநர் தம் உரிம எல்லைக்குள் செய்யும்போது, செய்தவர் மருந்தாளுநர் என்பதற்காக மறுக்க இயலாது என அது வகுத்தது.