கணக்கில் வராத வெற்றி

'தி கிரேட் டிபேட்டர்ஸ்' (2007) படம் பார்த்தவங்களுக்கு அந்த க்ளைமாக்ஸ் மறந்திருக்காது. டெக்சாஸின் மார்ஷல் நகரத்தில் இருந்த வைலி என்ற சின்னக் கறுப்பினக் கல்லூரி, மேடையில் ஹார்வர்டைத் தோற்கடிக்கும். நிஜத்தில் 1935இல் வைலி தோற்கடித்தது தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தை. அன்றைய தேசிய சாம்பியன் அதுதான். சினிமாக்காரர்களுக்கு அந்தப் பேர் போதவில்லை போல.

சாம்பியனை ஜெயித்தால் சாம்பியன் ஆகிவிடலாம்தானே? முடியாது. பட்டம் கல்லூரி விவாதச் சங்கத்தின் கையில் இருந்தது. அந்தச் சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராகவே சேர்க்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் கதவு திறந்தது. ஜெயித்தது ஊருக்கே தெரியும். பதிவேட்டில் மட்டும் இல்லை.

அணியை உருவாக்கியவர் மெல்வின் டோல்சன். ஆங்கில ஆசிரியர், கவிஞர். ராத்திரி நேரத்தில் மாணவர்களைத் தன் வீட்டுக்கே வரவைத்துப் பயிற்சி கொடுப்பார். ஒவ்வொருவரிடமும் தானே எதிராளியாக நின்று வாதாடி, சொல்லுக்குச் சொல் கிழித்துப் போடுவார். அதற்குப் பிறகு உண்மையான போட்டி லேசாகத் தெரிந்ததாம். 1930இல் அவர் அணியில் சேர்ந்த ஹென்ரியட்டா பெல் என்ற மாணவிதான் அதன் முதல் பெண்.

படத்தில் கடைசி விவாதம் ஒத்துழையாமை பற்றியது. காந்தி பேர் அடிபடும். இங்கே உட்கார்ந்து பார்க்கிற நமக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். ஆனால் அந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரிகள் மோதிக்கொண்ட தலைப்பு வேறு: நாடுகளுக்கு இடையிலான ஆயுத வியாபாரத்தைத் தடுக்க வேண்டுமா? நிறம் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. தன் ஊரில் வெள்ளைக்காரர் சாப்பிடும் ஹோட்டலில் உட்கார முடியாத பையன்கள், உலக நாடுகள் என்ன செய்யணும் என்று அந்த அரங்கத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். எனக்கு சினிமாவைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

காந்தி வந்தது அப்புறம்தான். 14 வயதில் வைலியில் சேர்ந்து அந்த அணியில் இருந்த ஜேம்ஸ் ஃபார்மர், மேற்படிப்புக்கு ஹோவர்டு பல்கலைக்கழகம் போனபோது காந்தியின் வழியைக் கற்றுக்கொண்டார். 1942இல் சிகாகோவில் நண்பர்களோடு 'கோர்' இயக்கத்தைத் தொடங்கினார். 1961இல் அந்த இயக்கம்தான் தெற்கு மாநிலங்களுக்குள் 'சுதந்திரப் பயண'ப் பேருந்துகளை அனுப்பியது. ஒரு பேருந்தைக் கும்பல் கொளுத்தியது. ஃபார்மர் மிசிசிப்பியில் சிறைக்குப் போனார்.

அடுத்த வருஷம், 1962 மார்ச்சில், கார்னெல் பல்கலைக்கழக மேடை. வெள்ளையரிடமிருந்து பிரிந்து போவதா, சேர்ந்து வாழ்வதா என்பது தலைப்பு. எதிரே மால்கம் எக்ஸ். சேர்ந்து வாழலாம் என்று வாதாட எழுந்தவர், டோல்சன் வீட்டில் ராத்திரி ராத்திரியாகத் திட்டு வாங்கிய அதே ஃபார்மர்.