பினைல்கீட்டோனூரியா: மூளையைக் காத்த உணவுமுறையின் வரலாறு

பினைல்கீட்டோனூரியா பரம்பரையாக வரும் ஒரு வளர்சிதைமாற்றக் குறைபாடு ஆகும். புரத உணவில் உள்ள பினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை டைரோசினாக மாற்றும் கல்லீரல் நொதி, இக்குறைபாடு உள்ளவர்களிடம் சரிவர வேலை செய்வதில்லை. மாறாத பினைல்அலனின் இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைப் பாதிக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் தோன்றும். ஆகவே பெற்றோர் நலமாகவே இருப்பர்.

நார்வே நாட்டில் ஒரு தாய்க்கு இரு குழந்தைகள். இருவருக்கும் அறிவு வளர்ச்சி குன்றியிருந்தது. அவர்களிடம் வீசிய விசித்திரமான நெடிக்குக் காரணம் கேட்டு அவர் பல மருத்துவர்களை நாடினார். 1934இல் மருத்துவர் அசுபியோர்ன் ஃபோலிங் அக்குழந்தைகளின் சிறுநீரில் பெரிக் குளோரைடைச் சேர்த்தார். அது பச்சை நிறமாக மாறியது. அதிலிருந்து பினைல்பைருவிக் அமிலத்தைப் பிரித்தறிந்து, நோயின் வேதியியல் காரணத்தை அவர் உலகுக்கு அறிவித்தார். ஆனால் சிகிச்சை எதுவும் அப்போது இல்லை.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மற்றொரு தாய், தன் மகளுக்கு ஏதாவது செய்யுமாறு மருத்துவர்களை விடாமல் வற்புறுத்தினார். ஓர்சுட் பிக்கல், ஜான் செரார்டு, எவ்லின் இக்மன்சு ஆகியோர் பால் புரதத்தைச் சிதைத்து, அதிலிருந்த பினைல்அலனினைக் கரியின் உதவியால் நீக்கி, தனி உணவு தயாரித்தனர். அதை உண்ட இரண்டு வயதுச் சிறுமி தவழவும் நிற்கவும் தொடங்கினாள். பினைல்அலனினை மீண்டும் உணவில் சேர்த்தபோது அந்த முன்னேற்றம் மறைந்தது. உணவே காரணம் என்பது இதனால் உறுதியாயிற்று. இம்முடிவுகள் 1953இல் வெளியாயின. எனினும் மூளைக்கு முன்பே நேர்ந்த சேதத்தை முழுமையாகச் சரிசெய்ய இயலவில்லை.

எனவே அறிகுறிகள் தோன்றுமுன் நோயைக் கண்டறிய வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி, குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு இரத்தத்தை வடிதாளில் ஊறவைத்து, பாக்டீரியாவின் வளர்ச்சியைக் கொண்டு பினைல்அலனின் மிகுதியை அறியும் எளிய சோதனையை உருவாக்கினார். 1963இல் மாசசூசெட்சு மாநிலம் இச்சோதனையைப் பிறந்த குழந்தைகளுக்குக் கட்டாயமாக்கியது. பின்னர் பல நாடுகளும் இதைப் பின்பற்றின.

பிறந்த சில நாட்களிலேயே உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கி விடாமல் கடைப்பிடித்தால், குழந்தை மற்றவர்களைப் போலவே படித்து வளர முடியும். இறைச்சி, முட்டை, பால், பருப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தி, தேவையான புரதத்தைத் தனிக் கலவையாக அளிக்கின்றனர். இக்கட்டுப்பாட்டை வாழ்நாள் முழுவதும் தொடர மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். இந்நோயுள்ள பெண்கள் கருவுறுமுன்பும் கருக்காலத்திலும் இதில் தவறக்கூடாது. தாயின் இரத்தத்தில் மிகும் பினைல்அலனின், நோயில்லாத கருவின் மூளையையும் பாதிக்கும்.