வீலுக்குத் தடை கட்டுறது: முத்துத் தராசு முதல் ஜீப் வரை

சின்ன வயசில் பாத்திரத்தோடு நெய் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் காலிப் பாத்திரத்தை ஒரு தட்டில் வைப்பார். எதிர்த் தட்டில் சின்னக் கல், துருப்பிடிச்ச நட்டு, எது கைக்குக் கிடைக்குதோ அதைப் போட்டு முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவார். அதுக்குப் பேர் தடை கட்டுறது. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு அந்தச் சொல்லே காதில் விழுவதில்லை. போன மாசம் ஒரு பழைய ஜீப்புக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது அது திடீர்னு நினைவுக்கு வந்தது.

ஜீப் நண்பருடையது. குதிரைமொழித் தேரியின் செம்மணலில் அருமையாக ஓடும். தார் ரோட்டில் திருச்செந்தூர் பக்கம் 60-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறும். டயர் கடையில், "மண்ணுல ஓடுற வண்டிக்கு எதுக்கு சார் பேலன்சிங்?" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மெஷினில் அந்த வீல் உட்காரவும் இல்லை. சரி, மெஷின் வருவதற்கு முன்னாடி என்ன பண்ணியிருப்பாங்க என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு கணக்கு. ஜீப்பின் பழைய 6.00-16 டயரின் ஆரம் சுமார் 36 செ.மீ. டயரின் ஓரிடத்தில் 100 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் வீல் விநாடிக்குக் கிட்டத்தட்ட 10 தடவை சுத்தும். அந்த 100 கிராம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 14 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அச்சை இழுக்கும். இந்த விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதே வீலை மாட்டு வண்டி வேகத்தில், 4 கி.மீ.யில் உருட்டினால், 14 கிலோ 35 கிராமாகச் சுருங்கிவிடும். ஆயிரக்கணக்கான வருஷம் வண்டி ஓட்டிய நம் ஆட்கள் யாரும் சக்கரத்துக்குத் தடை கட்டாததுக்கு இதுதான் காரணம். தேவையே வரவில்லை. டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியது 1888-இல். ஜீப் பிறந்தது இரண்டாம் உலகப் போரில். மஹிந்திரா 1947-இல் இங்கே அதை அசெம்பிள் செய்ய ஆரம்பித்தது. வேகம் வந்த பிறகுதான் இந்தப் பிரச்சினையும் வந்தது.

ஆனால் எடையை நுணுக்கமாகப் பார்க்கும் வித்தை இந்தக் கடற்கரைக்குப் புதுசில்லை. 2 குன்றிமணி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த முத்து நகைகளின் எடையைக் குன்றி வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். பொன்னுக்கு 'ஆடவல்லான்' என்ற எடைக்கல், மணிகள் பதித்த நகைகளுக்கு 'தக்ஷிணமேரு விடங்கன்' என்று தனிக் கல். எடைக்கல்லுக்குக்கூடச் சாமி பேர்! தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. அதோடு முத்துத் தராசுக்கும் இங்கே வேலை போய்விட்டது.

வீல் என்பது வட்டமாக வளைத்த தராசுதான். தடையில்லாமல் சுத்தும் அச்சில் விட்டால் கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். ஜீப்பின் முன் ஹப்பையே அச்சாக வைத்துக்கொள்ளலாம். வண்டியை ஜாக்கி ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தணும் (ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை வைக்காதீங்க). பிரேக் ஷூவைத் தளர்த்தணும். ஃபோர் வீல் டிரைவ் என்றால் ஹப் லாக்கை ஃப்ரீயில் வைக்கணும், அது இல்லாத பழைய வண்டியில் டிரைவ் ஃபிளாஞ்சைக் கழட்டணும். பின் வீலை அது இருக்கும் இடத்திலேயே பார்க்க முடியாது, டிஃபரன்ஷியல் இழுக்கும். அதையும் முன் ஹப்புக்குக் கொண்டுவந்து மாட்டணும். எல்லாத்துக்கும் முன்னால் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்க. எங்களுக்கு அங்கிருந்தே கைநிறையத் தேரி மண் உதிர்ந்தது. மழையில் ஒட்டிக் காய்ந்து சிமெண்ட் மாதிரி ஆகியிருந்தது.

அடுத்த சிக்கல் பேரிங் உராய்வு. வீல் சரியான இடத்துக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாடியே நின்றுவிடும். அதனால் ஒரு தடவை இடமிருந்து, ஒரு தடவை வலமிருந்து மெதுவாக விடணும். இரண்டு தடவையும் அடியில் நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்து, நடுப்புள்ளியை எடுக்கணும். கனம் அங்கே. அதுக்கு நேர் எதிரே, ரிம் விளிம்பில் ஈயக்கட்டி. டயரின் வெளிப்பரப்பில் 100 கிராம் அதிகமென்றால் ரிம்மில் சுமார் 170 கிராம் வேண்டியிருக்கும், ஏன்னா ரிம் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாதியை ரிம்மின் உள்பக்கமும் பாதியை வெளிப்பக்கமும் வைக்கணும். கட்டி கொஞ்சம் அதிகமாகிவிட்டால் வெட்ட வேண்டாம், இரண்டையும் ஒன்றைவிட்டு ஒன்று விலக்கிக்கொண்டே போனால் அவற்றின் பலன் குறையும். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிறதா, தடை கட்டியாச்சு.

ஆனால் இது பாதி வேலைதான். தராசுக்கு அகலம் கிடையாது, டயருக்கு உண்டு. உள்பக்கம் மேலேயும் வெளிப்பக்கம் கீழேயும் சம அளவு கனம் இருந்தால் நின்ற வீல் சமமாகத்தான் தெரியும். ஓடினால் இடவலமாக ஆடும். இந்த ஆட்டத்தைச் சுற்றிப் பார்த்தால்தான் பிடிக்க முடியும். ஜெர்மானியப் பொறியாளர் லவாசெக் 1907-இல் அப்படி ஒரு மெஷினைக் கட்டினார். அடுத்த வருஷம் டார்ம்ஸ்டாட் நகரத்தின் ஷெங்க் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. கார் டயருக்காக இல்லை, டர்பைன் மாதிரி வேகமாகச் சுற்றும் இயந்திரங்களுக்காக. இன்றைய டயர் கடை மெஷின் அந்த வம்சம்.

டயருக்குள் பிளாஸ்டிக் குண்டுமணிகளைக் கொட்டும் முறையும் இருக்கிறது. கேட்டால் நம்பமாட்டீங்க, ஆனால் அடிப்படை சரியானது. 1889-இல் டி லாவல் தன் நீராவி டர்பைனுக்கு வேண்டுமென்றே வளையும் மெல்லிய அச்சைப் போட்டார். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் சுழலும் பொருள் தன் எடை மையத்தைச் சுற்றியே சுற்ற ஆரம்பிக்கும். ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த வீலும் அப்படித்தான். அப்போது கனம் குறைந்த பக்கம் மையத்திலிருந்து தூரமாகிவிடும், மணிகள் ஓடிப்போய் அங்கே சேரும். வேகம் குறையும்போது அவை எங்கே விழும் என்று சொல்ல முடியாது. வால்வில் மாட்டினால் காற்றும் போகும். எங்கள் ஜீப்பில் டியூப் டயர் என்பதால் அதைத் தொடவில்லை.

இரண்டு முன் வீலுக்கும் ஒரு ஞாயிறு முழுக்க ஆனது. இடது பக்கம் 140 கிராம், வலது பக்கம் 60. பேரிங் நட்டைப் பழைய இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, பிரேக்கைச் சரிபண்ணி அதே ரோட்டில் ஓட்டினோம். 60-இல் உதறல் இல்லை. 75-இல் லேசாக இருக்கிறது. அது அகலத்தால் வரும் ஆட்டமா, தேய்ந்த கிங்பின்னா என்று பார்க்கணும். கிங்பின் என்றால் எத்தனை ஈயம் அடித்தாலும் போகாது. நண்பர் இப்போதைக்கு 70-ஐத் தாண்டுவதில்லை.