சுருள் எத்தனை வோல்ட் தாங்கும்?



தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பொத்தேரியில் இறங்கும் கல்லூரி மாணவர் பலர். அவர்கள் தலைக்கு மேல் செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் நிலவுகிறது. அப்பாதையில் ஓடும் மின்சார எஞ்சின்களுக்குள்ளே, காற்றுக் குழாய்களைத் திறந்து மூடும் சிறு காந்தச் சுருள்கள் இருக்கின்றன. அவை 110 வோல்ட்டில் வேலை செய்கின்றன. மேலேயுள்ள கம்பியின் அழுத்தத்தில் இருநூற்றில் ஒரு பங்குகூட அவற்றுக்குக் கொடுக்கப்படுவதில்லை.

"இந்தச் சுருளுக்கு எத்தனை வோல்ட் கொடுக்கலாம், ஐயா?" என்று என்னிடம் மாணவர் கேட்டதுண்டு. எளிய வினாதான். எனினும் இதற்குக் கணக்கு முறையில் விடை காண, உலகத்து அறிஞர்களுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1820-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் எர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். பிரான்சு நாட்டின் ஆம்பியர் அதனை விரிவாக ஆராய்ந்தார். கம்பியைக் குழாய் வடிவில் சுற்றினால் அச்சுருள் காந்தம் போல் நடந்துகொள்ளும் என்பதை அவர் விளக்கினார். இதனையே நாம் வரிச்சுருள் என்கிறோம். 1825-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன், குதிரை லாட வடிவில் வளைத்த இரும்பிற்கு மெருகெண்ணெய் பூசி, அதன்மேல் காப்பில்லாத செம்புக் கம்பியைச் சுற்றினார். மின்காந்தம் பிறந்தது.

அக்காலத்தில் அமெரிக்காவின் ஆல்பனி நகரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தவர் ஜோசப் ஹென்றி. அவர் கம்பிக்கே பட்டு நூலால் காப்புச் சுற்றினார். அதனால் சுற்றுகளை ஒன்றோடொன்று நெருக்கியும், அடுக்கடுக்காகவும் அமைக்க முடிந்தது. 1831-இல் அவர் செய்த காந்தம் 2,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடையைத் தூக்கியது.

அந்த எடையினும் அவர் கண்ட உண்மை ஒன்று பெரிது. பல குறுஞ்சுருள்களைத் தனித்தனியே மின்கலத்தோடு இணைத்தால், பெரிய கலம் ஒன்றே அக்காந்தத்திற்குப் போதும். நீண்ட கம்பியை ஒரே சுருளாகச் சுற்றினால், பல கலங்களை வரிசையாகச் சேர்த்த அடுக்கு வேண்டும். சுருளும் மின்கலமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

இப்பொருத்தத்திற்குரிய கணக்கு 1827-இலேயே ஜெர்மனியில் அச்சாகியிருந்தது. கோலோன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஓம், அழுத்தம், ஓட்டம், தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை நூலாக வெளியிட்டார். தொடக்கத்தில் அதனை மதித்தவர் சிலரே. 1841-இல்தான் லண்டன் ராயல் சங்கம் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. ஏறத்தாழ அதே நேரத்தில், மான்செஸ்டர் வட்டாரத்தைச் சேர்ந்த ஜூல், கம்பியில் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று நிறுவினார்.

இவ்விரு விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். 48 ஓம் தடையுள்ள சுருளுக்கு 24 வோல்ட் கொடுத்தால் அரை ஆம்பியர் பாயும். 12 வாட் வெப்பம் பிறக்கும். 48 வோல்ட் கொடுத்தால் ஓர் ஆம்பியர் பாயும். வெப்பமோ 48 வாட் ஆகும். அழுத்தம் இரு மடங்கு; வெப்பம் நான்கு மடங்கு! சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்று நினைப்பவர் மறந்துவிடுவது இந்த நான்கு மடங்கைத்தான்.

விதிகள் அச்சில் இருந்தும், அழுத்தத்தை அளவறிந்து கையாளும் பழக்கம் உடனே வந்துவிடவில்லை. 1858 ஆகஸ்டு மாதம் அயர்லாந்திற்கும் வட அமெரிக்காவிற்கும் இடையே அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி இடப்பட்டது. விக்டோரியா அரசியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி போய்ச் சேரப் பதினாறு மணி நேரம் ஆயிற்று. அதன் மின்பணிகளுக்குப் பொறுப்பாயிருந்த வைட்ஹவுஸ், மருத்துவத் தொழிலிலிருந்து மின்னியலுக்கு வந்தவர். வேகம் வேண்டுமானால் அழுத்தம் மிகுதியாக வேண்டும் என்பது அவர் கொள்கை. ஐந்தடி நீளமுள்ள தூண்டு சுருள்களைக் கொண்டு ஏறத்தாழ 2,000 வோல்ட் வரை அவர் செலுத்தினார். வில்லியம் தாம்சனோ, குறைந்த அழுத்தமே போதும், நுட்பமாக உணரும் கருவிதான் வேண்டும் என்றார். கம்பியின் காப்பில் முன்பே குறைகள் இருந்தன. மிகுந்த அழுத்தம் அதன் அழிவை விரைவுபடுத்தியது. சில வாரங்களுக்குள் கம்பி ஊமையாயிற்று. பெரும் பொருள் கடலுக்கடியில் வீணாயிற்று.

அத்தோல்வியை ஆராய்ந்த குழு 1861-இல் தன் அறிக்கையைத் தந்தது. தடையை அளப்பதற்குப் பொது அலகு வகுக்கும் குழு ஒன்றைப் பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கமும் அவ்வாண்டிலேயே அமைத்தது. 1881-இல் பாரிசில் கூடிய மாநாடு வோல்ட், ஓம், ஆம்பியர் என்னும் அலகுகளை ஏற்றது. மின்சாரம் அளந்து வழங்கும் பொருளாயிற்று.

நம் வட்டாரத்திற்கு அந்த அளவு முறை ரயில் வடிவில் வந்தது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குக் கொடுத்தது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். 1967-இல் அப்பாதை 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்திற்கு மாற்றப்பட்டது. உயர்ந்த அழுத்தத்தில் ஓட்டம் குறைவு. ஆகவே கம்பியில் இழப்பும் குறைவு. வண்டியிலுள்ள மின்மாற்றி அவ்வழுத்தத்தை இறக்கி, ஒவ்வோர் உறுப்பிற்கும் உரிய அளவை வழங்குகிறது.

இனி, பெயர்ச்சீட்டு இல்லாத சுருள் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் அறையின் வெப்பநிலையில் அதன் தடையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சிறிய மின்கலத்தில் தொடங்கி, சிறு படிகளாக அழுத்தத்தை உயர்த்துங்கள். ஒவ்வொரு படியிலும் சூடு நிலைபெறும் வரை காத்திருந்து, மின்னோட்டத்தை நிறுத்தியவுடன் தடையை மீண்டும் அளந்து பாருங்கள். செம்பின் தடை சூட்டோடு வளர்வதால், சுருளே தன் வெப்பமானியாகிவிடுகிறது. 30 பாகையில் 48 ஓமாக இருந்த தடை 57.6 ஓமானால், உள்ளே சூடு ஏறத்தாழ 83 பாகை என்று கணக்கு காட்டும். அதாவது 53 பாகை உயர்வு.

கம்பிக் காப்புகளை இன்று வகுப்புகளாகப் பிரித்திருக்கின்றனர். ஏ வகுப்பின் எல்லை 105 பாகை. பி வகுப்பிற்கு 130. எஃப் வகுப்பிற்கு 155. மேற்கண்ட சுருள் ஏ வகுப்பு எனில் பிழைத்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் காற்றே 42 பாகையாக இருக்கும்போது, அதே சுருள் 95 பாகையை நெருங்கும். அதுவும் சராசரிதான், நடு அடுக்குகளில் சூடு இன்னும் கூடும். மார்கழிக் காலையில் சோதித்த சுருள் சித்திரை வெயிலில் எரிவது இதனால்தான். ஓர் அடி கீழே நிற்பதே அறிவுடைமை.

நொடிப்பொழுது மட்டும் இயங்கும் சுருள் சற்று மிகுந்த அழுத்தத்தையும் தாங்கும், இடையிடையே ஆறிக்கொள்வதால். மாறுமின்னோட்டத்திற்கென்று சுற்றிய சுருளை அதே வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இணைத்தால் எரிந்துபோகும். அங்கே ஓட்டத்தைத் தடுக்கும் தூண்டல் இல்லாமற்போகிறது. மாறுமின்னோட்டத்திலேயே இரும்புத் தண்டு முழுதும் உள்ளே வராமல் சிக்கிக்கொண்டால், தூண்டல் குறைந்து ஓட்டம் பெருகி அப்போதும் எரியும். மற்றுமொன்று: இணைப்பை அறுக்கும் நொடியில் சுருள் தானாகவே உயர்ந்த அழுத்தத்தை எழுப்பும். இதனைக் கண்டறிந்தவர்களுள் ஹென்றியும் ஒருவர். ஆதலால் சிறு மின்கலம்தானே என்று வெறுங்கையால் முனைகளைத் தொடாதீர்கள். வீட்டு மின்சாரத்தில் இச்சோதனையைச் செய்யவே வேண்டாம்.

வைட்ஹவுஸ் உழைப்பில் குறைந்தவர் அல்லர். அவர் காலத்தில் ஓமின் நூலும் இருந்தது, ஜூலின் விதியும் இருந்தது. விசையை நம்பிய அளவுக்கு அளவை அவர் நம்பவில்லை. உங்கள் மேசையில் ஒரு சுருள் புகையத் தொடங்கும் முன், தடைமானியைக் கையில் எடுங்கள். அளக்க ஆகும் நேரம் சில நிமிடங்கள். எரிந்த சுருளைப் பிரித்து மீண்டும் சுற்ற ஒரு முழு நாள் ஆகும்.